ஒரே எண், இரண்டு உடல்கள்

2004 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் புகைப்படத்தையே ஆய்வுப் பொருளாக்கி வெளியிட்டார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 22.3. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் எந்த மருத்துவரும் இருவரையும் 'நார்மல்' என்றுதான் எழுதுவார். உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம் வந்தது, யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர். மூடப்போகும் லிஃப்ட் கதவைப் பிடிக்கக் காலையில் ஓடுவதுதான் யாஜ்னிக்கின் உடற்பயிற்சி என்று அந்தக் குறிப்பே சொன்னது.

பழக்கம் மட்டும் இதற்குக் காரணமில்லை. புனே சுற்றுவட்டார கிராமங்களில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக்கின் குழு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தது. புனே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்திருந்தும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்திருந்தது தசை. கொழுப்பு கூடி, தசை குறைந்த ஒல்லி உடல் நம்மில் பலருக்குக் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது.

சட்டை போட்டால் ஒல்லி, கழற்றினால் தொப்பை. ஐம்பது கிலோவைத் தாண்டாத பெண்ணுக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்களிடம் "ஐந்து கிலோ குறையுங்கள்" என்று சொல்வது பாதி அறிவுரை மட்டுமே. பயிற்சி எதுவும் இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இறங்கும் எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பல்லாத திசுவிலிருந்து போகிறது. ஏற்கெனவே தசை குறைந்தவர் மேலும் தசையை இழக்கிறார். சாப்பிட்ட பின் இன்சுலினின் கட்டளைப்படி ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்வதில் பெரும்பங்கு தசையுடையது. அந்தக் கொள்கலனைச் சிறிதாக்கிவிட்டு எடை மெஷினில் முள் இறங்கியதைக் கொண்டாடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நம் ஊருக்கு வேண்டியது எடைக் குறைப்பைவிட உடலின் கலவையை மாற்றுவது: கொழுப்பு இறங்க வேண்டும், தசை ஏற வேண்டும், இரண்டும் ஒரே காலத்தில்.

எடையை நம்பி எதிர்த்திசையில் ஏமாந்த கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி 25 அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை அளந்தார். உயரம்–எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் படைக்குத் தகுதியற்ற 'அதிக எடை'க்காரர்கள். பென்கி அவர்களைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து எடை பார்த்தார். கொழுப்பு மிதக்கும், தசை மூழ்கும். நீருக்குள் உள்ள எடையிலிருந்து உடலின் அடர்த்தியைக் கணக்கிடலாம். அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோருடைய உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. கூடுதல் எடை தசையாக இருந்தது. அவருடைய கட்டுரை 1942இல் வெளிவந்தது. எண்பது ஆண்டுகள் கடந்தும் நாம் அட்டவணையை விட்டபாடில்லை.

சரி, இரண்டையும் ஒரே காலத்தில் செய்ய முடியுமா? ஜிம்மில் கேட்டால் முடியாது என்பார்கள். முதலில் நன்றாகச் சாப்பிட்டு எடையேற்று, அது 'பல்க்கிங்'. பிறகு சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பை இறக்கு, அது 'கட்டிங்'. தசை கட்ட ஆற்றல் மிச்சமாக வேண்டும், கொழுப்பைக் கரைக்க ஆற்றல் பற்றாக்குறை வேண்டும், இரண்டும் ஒரே நாளில் எப்படி இருக்கும் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உடலை ஒரே கல்லாப்பெட்டியாக நினைத்துக்கொள்கிறது.

ஒரு கிலோ தசையில் முக்கால் கிலோ தண்ணீர். சுமார் 200 கிராம்தான் புரதம். அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஆயிரம் கலோரியை ஒட்டி வரும். ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி இருக்கிறது. இடுப்பைச் சுற்றி ஐந்து கிலோ கூடுதல் கொழுப்பு வைத்திருப்பவரிடம் தசை கட்டுவதற்கு ஆற்றல் இல்லை என்று சொல்லவே முடியாது. ஒன்று மட்டும் உண்மை: கொழுப்பு தசையாக மாறாது. கொழுப்பில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே இருக்கின்றன; புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். வீடு கட்டும்போது கொத்தனார் கூலியைப் பழைய சேமிப்பிலிருந்து கொடுத்துவிடலாம், ஆனால் செங்கல் வெளியிலிருந்துதான் வந்து இறங்க வேண்டும். அந்தச் செங்கல் தட்டில் இருக்கும் புரதம்.

செங்கல் இருந்தாலும் கட்டு என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்த வழி ஈஸ்டர் தீவில் தொடங்குகிறது. 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு அந்தத் தீவுக்குப் போய் மண் மாதிரிகளைச் சேகரித்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளை மாண்ட்ரியலில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகலின் குழு பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூய். அதனால் அதற்கு ராபமைசின் என்று பெயரிட்டார்கள். அது செல்களின் வளர்ச்சியை நிறுத்தியது. எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று தேடியவர்களுக்கு 1990களில் அகப்பட்ட புரதம்தான் 'எம்டார்'. செல்லுக்குள் புதிய புரதம் உருவாவதை முடுக்கிவிடுவது அதுதான். தசையில் இதைத் தட்டி எழுப்பும் விரல்கள் இரண்டு: பளு இழுக்கும் இழுவிசை, உணவில் வரும் லியூசின் என்ற அமினோ அமிலம். டெக்சாஸில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், எடைப்பயிற்சிக்கு முன் சிலருக்கு ராபமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் வழக்கமாக உயரும் தசைப் புரத உருவாக்கம் அவர்களிடம் உயரவில்லை.

பட்டினி இந்த முடுக்கியைத் தளர்த்துகிறது என்பதும் உண்மை. ஐந்தே நாள் கலோரியைக் குறைத்தவர்களிடம் ஓய்வு நேரத் தசைப் புரத உருவாக்கம் 27 சதவீதம் சரிந்ததை ஹோசே அரேட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் காட்டினார்கள். ஆனால் அதே ஆட்கள், அதே பற்றாக்குறையில் எடைப்பயிற்சி செய்தபோது சரிந்தது பழைய நிலைக்கு ஏறிவிட்டது. பயிற்சிக்குப் பின் 30 கிராம் புரதமும் குடித்தபோது பழைய நிலையையும் தாண்டியது. குறைந்த சாப்பாடு கீழே இழுக்கிறது, பளுவும் புரதமும் மேலே தள்ளுகின்றன. எது வெல்லும் என்பது ஆளைப் பொறுத்தது.

புதிதாகத் தொடங்குபவருக்குச் சாதகம் இங்கேதான். பத்து ஆண்டுகளாகப் பளு தூக்குபவரின் தசைக்கு எந்தப் பளுவும் புதிதல்ல. அவருக்கு ஒரு நாள் பயிற்சி தரும் உயர்வு சீக்கிரம் அடங்கிவிடும். இதுவரை எதையும் தூக்காத தசைக்கோ ஒவ்வொரு பஸ்கியும் புதிய செய்தி. ஒரு பயிற்சிக்குப் பின் புரத உருவாக்கம் இரண்டு நாள்வரை உயர்ந்தே இருக்கும். தன் எல்லையிலிருந்து அந்தத் தசை வெகு தொலைவில் நிற்கிறது. கூடவே கொழுப்புச் சேமிப்பும் தாராளமாக இருந்தால், பற்றாக்குறையின் இழுப்பு அவ்வளவாக உறைக்காது.

இதற்கு மிகத் தெளிவான சான்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2016இல் வந்தது. அதிக எடையுள்ள 40 இளைஞர்கள். தேவையான கலோரியில் 40 சதவீதத்தை வெட்டினார்கள். நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி. ஒரு பாதிப் பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மறுபாதிக்கு 2.4 கிராம். குறைந்த புரதக் குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தது; கொழுப்பல்லாத திசுவை ஏறக்குறைய அப்படியே காத்துக்கொண்டது. அதிகப் புரதக் குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு 1.2 கிலோ கொழுப்பல்லாத திசுவைச் சேர்த்தது. கிட்டத்தட்ட பாதிச் சாப்பாட்டை வெட்டிய நிலையில் நடந்தது இது! முடியாது என்பவர்களுக்கு இந்த ஓர் ஆய்வே போதும். ஆனால் அந்த நான்கு வாரத்தை அப்படியே வீட்டில் செய்து பார்க்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். கண்காணிப்போடு, குறுகிய காலத்துக்கு, இளைஞர்களிடம் செய்த கடுமையான சோதனை அது.

வேகத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதை நார்வேயில் இனா கார்தே 2011இல் காட்டினார். ஏற்கெனவே பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களில் ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம், இன்னொரு குழு 1.4 சதவீதம் குறைத்தது. மெதுவாகக் குறைத்தவர்களின் கொழுப்பல்லாத திசு 2.1 சதவீதம் கூடியது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு எதுவும் கூடவில்லை. தேர்ந்த வீரர்களுக்கே இப்படி என்றால், தொடக்கக்காரர் அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. 70 கிலோ உள்ளவருக்கு வாரத்தில் அரைக் கிலோ என்பதே உச்ச வேகம். ஏற்கெனவே ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் உள்ளவர் அதைவிடவும் மெதுவாகப் போகலாம். நாளுக்கு 300 கலோரி குறைந்தால் போதும். எடை அசையாமலே நின்றாலும் பரவாயில்லை.

இப்போது தட்டுக்கு வருவோம், நம் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எடைப்பயிற்சி செய்பவர்களிடம் நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு, கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதத்துக்கு மேல் கூடுதல் தசை கிடைப்பதில்லை என்று கண்டது. 70 கிலோ உள்ளவருக்கு 112 கிராம். நம் வழக்கமான நாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: காலையில் நான்கு இட்லி, சாம்பார், மதியம் சோறு, குழம்பு, ரசம், பொரியல், மோர், மாலையில் டீயும் வடையும், இரவு தோசை. வயிறு நிறைந்திருக்கும், புரதம் 50 கிராமை ஒட்டியே நிற்கும். இந்தியச் சாப்பாட்டில் ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதே சாப்பாட்டில் அளவை மட்டும் பாதியாக்கினால் புரதமும் பாதியாகும். பயிற்சியின் பலன் பெரிதும் குறைந்துவிடும்.

ஆகவே குறைப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். நான்கு முட்டையில் 25 கிராம் புரதம். மத்தி, சங்கரா போன்ற மீன் 150 கிராமில் 30 கிராம். தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி அதே அளவில் 40 கிராமுக்குக் குறையாது. சைவர்களுக்கு வேலை கொஞ்சம் கடினம், ஆனால் முடியும். மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்தால் 25 கிராம் புரதம். நம் சமையலில் இவ்வளவு மலிவான புரதம் வேறில்லை, பிரியாணியில் இரண்டு உருண்டை போடுவதோடு அதை நாம் நிறுத்திவிடுகிறோம். 100 கிராம் பனீரில் 18 கிராம். கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணத்தில் 12 கிராமுக்கு மேல். கெட்டித் தயிர், பால், பயறு எல்லாம் கணக்கில் சேரும். நிலக்கடலையைப் புரதம் என்று நம்பிக் கொறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 100 கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மை, கூடவே 560 கலோரியும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்த பிறகு சோற்றிலும் எண்ணெயிலும் சர்க்கரையிலும் கை வையுங்கள். வே புரோட்டீன் பவுடர் பாலிலிருந்து எடுத்த உணவு. வசதியிருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் எந்த இழப்பும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் தொடங்கக்கூடாது.

தென் மாவட்டக் கிராமங்களில் இன்றும் சில கோயில் முற்றங்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. தூக்கித் தோளுக்கு மேல் வீசினால்தான் அவன் ஆம்பிளை என்று ஊர் ஒப்புக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. அந்தக் கல் சோதனைக்கானது, பயிற்சிக்கு உதவாது. அதன் எடை ஏறுவதில்லை. ஏறிக்கொண்டே போகும் பளு என்பதை மருத்துவமாக்கியவர் தாமஸ் டிலோர்ம். சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்துக் கிடந்து, பிறகு பளு தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயத்தோடு வந்த வீரர்களின் தொடைகள் சூம்பிக் கிடந்தன. லேசான அசைவுகளை நூறு தடவை செய்யச் சொல்வதே அன்றைய வைத்தியம். டிலோர்ம் பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத பளுவைக் கொடுத்தார்; தூக்க முடிந்ததும் பளுவைக் கூட்டினார். 1945இல் வெளியான அவருடைய முறைதான் இன்றைய ஜிம்மின் அடிப்படை.

தொடக்கக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது: இந்த நான்கும் இருந்தால் உடலின் பெரிய தசைகள் எல்லாம் வேலை செய்துவிடும். பஸ்கி முதலாவது. தண்டால் இரண்டாவது, தரையில் முடியாதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். இழுக்கவும் தூக்கவும் டம்பெல் இல்லாவிட்டாலும் பாதி நிரப்பிய தண்ணீர் கேன் இருக்கிறது. லேசான பளுவோ கனமான பளுவோ, இனி ஒரு தடவைகூட முடியாது என்ற இடம்வரை செய்தால் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான் என்று மெக்மாஸ்டர் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆனால் நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். போன வாரம் எட்டு, இந்த வாரம் ஒன்பது என்று எழுதி வைக்காதவர் மூன்று மாதம் கழித்தும் அதே எட்டில் நிற்பார்.

முதல் சில வாரங்களில் வலு விறுவிறுவென்று ஏறும். அது பெரும்பாலும் தசையல்ல, நரம்பு: இருக்கும் தசை இழைகளை ஒன்றுசேர இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. கைகால் கொஞ்சம் தடித்தது போலத் தோன்றுவதில் வீக்கத்துக்கும் பங்குண்டு. பிரேசிலில் ஃபெலிப்பே டமாஸ் செய்த ஆய்வில், முதல் வாரத்தில் உருவான புதிய புரதம் பெரும்பாலும் சேதத்தைச் சரிசெய்யவே போனது. உண்மையான வளர்ச்சியோடு அது பொருந்தி வந்தது சேதம் குறைந்த பிறகுதான், மூன்றாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும். உடம்பு வலித்தால்தான் பலன் என்பது இதனால் அடிபட்டுப் போகிறது. எடை மெஷினும் இந்தக் காலத்தில் குழப்பும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கொழுப்பு ஒரு கிலோ போயிருக்கும், மெஷின் அதே எண்ணைக் காட்டும், ஆள் மனமுடைந்து விட்டுவிடுவார். இந்த ஓர் இடத்தில் விட்டுப்போனவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். தையற்காரரின் இஞ்ச் டேப் ஒன்றை வாங்கித் தொப்புள் மட்டத்தில் மாதத்துக்கு இரண்டு முறை அளந்தால் இந்த ஏமாற்றம் இருக்காது. தெற்காசிய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. டேப் இறங்கி, நோட்டில் எண்கள் ஏறினால் மெஷின் என்ன சொன்னாலும் காரியம் நடந்துகொண்டிருக்கிறது.

பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெண்ணின் டெஸ்டோஸ்டிரோன் ஆணுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் தொடங்கிய அளவோடு ஒப்பிட்டால் தசை வளரும் விகிதம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பிறவியிலேயே குறைந்த தசையோடு வந்த நம் பெண்களுக்கு அந்த வளர்ச்சி யாரையும்விட அதிகம் தேவை.

தூக்கத்தைப் பலரும் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியான ஆய்வு அதற்கு இடம் கொடுக்காது. அதிக எடையுள்ள பத்துப் பேர், இரண்டு வாரம் ஒரே அளவு குறைந்த சாப்பாடு. எட்டரை மணி நேரப் படுக்கையின்போது 1.4 கிலோ கொழுப்பு போனது. அதே ஆட்கள் ஐந்தரை மணி நேரமே படுத்தபோது 0.6 கிலோ கொழுப்புதான் போனது. கொழுப்பல்லாத திசுவின் இழப்பு 1.5 கிலோவிலிருந்து 2.4 கிலோவாக ஏறியது. சாப்பாடு மாறவில்லை, மொத்த எடையிழப்பும் ஏறக்குறைய மாறவில்லை. எது கரைவது என்பதைத் தூக்கம் தீர்மானித்தது. இரவு ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு ஜிம்முக்கு ஓடும் இளைஞர்களுக்கு இதை யாராவது அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

தொடக்கக்காரர் என்பதற்கு வயது வரம்பு கிடையாது. மரியா ஃபியாட்டரோனின் குழு 1990இல் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தது. வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது; தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியது. பயிற்சி நின்ற நான்கு வாரத்தில் அவர்களின் உச்ச வலு 32 சதவீதம் சரிந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

சேர்த்த தசையைக் காக்க எவ்வளவு வேலை வேண்டும் என்பதை அமெரிக்காவின் அலபாமாவில் 2011இல் அளந்தார்கள். நான்கு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்தவர்கள், பிறகு எட்டு மாதம் அதை மூன்றில் ஒரு பங்காகவோ ஒன்பதில் ஒரு பங்காகவோ குறைத்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு ஒன்பதில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. வாரத்தில் ஒரு நாள் கொஞ்ச நேரம் செய்தாலே சேர்ந்த தசை அப்படியே நின்றது. 60 முதல் 75 வயதுவரை உள்ளவர்களிடம் வலு நின்றது. தசையின் அளவு நிற்கவில்லை. இளமையில் தொடங்குபவருக்குக் காப்பது சுலபம். வயதான பின் தொடங்குபவர் வாரத்தில் இரண்டு நாளுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.